மூளைத்தண்டுக் கட்டிகளின் பாகுபாடு

ஒரு பொருளை இன்னதென அறிதற்கு முன்னர், அதனை இன்ன இனத்தைச் சார்ந்ததென வகுத்துக்கொள்ளுதல் எல்லா நூல்களுக்கும் பொதுவாயதோர் முறை. இலக்கணம் பயிலும் மாணாக்கராகிய எமக்கு இம்முறை புதியதன்று. பெயர்ச்சொற்கள் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்னும் ஆறன் அடியாகப் பிறக்குமென நன்னூலார் வகுத்ததனைப் பள்ளியிலேயே கற்றோம். இலக்கணத்திற் பாகுபாடு பிழைபட்டால் விளையுங் கேடு பெரிதன்று. தேர்விற் சில மதிப்பெண்கள் குறையும், அவ்வளவே. வைத்திய நூலிலோ, ஒரு நோய்க்கு இடும் பெயர் ஓர் உயிரின்மீது எழுதப்படும் தீர்ப்பாக முடிதலும் உண்டு. இவ்வுண்மைக்கு, மூளைத்தண்டில் தோன்றுங் கட்டிகளை வைத்தியர் வகுத்துவந்த வரலாற்றினும் தெளிவானதோர் சான்றினை யாம் கண்டிலேம். அவை முதற்கண் இடத்தாற் பெயர்பெற்றன. அடுத்து வடிவாற் பெயர்பெற்றன. இப்பொழுது உயிரணுவினுள் மறைந்துகிடக்கும் ஓர் எழுத்தாற் பெயர்பெறுகின்றன. ஒவ்வொரு முறையும் பெயர் மாறியபொழுது, யாவர்க்குச் சிகிச்சை செய்யலாம், யாவரைக் கைவிட வேண்டும் என்னும் துணிபும் உடன் மாறிற்று.

மூளைத்தண்டு என்பது பெருமூளைக்கும் முதுகுத்தண்டிற்கும் இடையே நிற்பதோர் காம்பு. ஒரு விரல் நீளமே உடையது. மேலிருந்து கீழாக நடுமூளை, பான்ஸ், முகுளம் என மூன்று பகுதிகளாக அதனைப் பிரிப்பர். பான்ஸ் என்பது இலத்தீன் மொழியிற் பாலத்தைக் குறிக்குஞ் சொல். சிறுமூளையின் இரு பாதிகளையும் முன்புறத்தே பாலம்போல் இணைத்து நிற்றலால் இத்தாலிய உடற்கூற்று நூலாராகிய வரோலியோ பதினாறாம் நூற்றாண்டில் அதனைப் பாலமெனக் கண்டனர். முகுளம் என்பது மொட்டு. இஃது நம்மவர் இட்ட அழகிய பெயர். இவ்வளவு சிறிய இடத்தினுள்ளே கைகால்களை இயக்கும் நரம்பிழைகள் யாவும் கீழிறங்குகின்றன. உடலின் உணர்ச்சிகள் யாவும் மேலேறுகின்றன. மண்டை நரம்புகள் பன்னிரண்டு இணைகளுள் பத்து இணைகளின் நிலைக்களங்கள் இங்கேயே உள்ளன. கண் அசைதல், முகம் சுளித்தல், விழுங்குதல், மூச்சு விடுதல், இருதயம் அடித்தல், உறங்கி விழித்தல் ஆகிய இவையனைத்தும் இக்காம்பினையே பற்றி நிற்பன. பெருமூளையில் ஒரு சிறு பகுதியை வெட்டி நீக்கினும் மனிதன் பெரும்பாலும் பிழைத்திருப்பான். மூளைத்தண்டிலோ, வீணென்று ஒதுக்கத்தக்க இடம் நெல்லளவும் இல்லை.

இங்குத் தோன்றுங் கட்டிகளுட் பெரும்பாலன கிளையோமா என்னும் வகையின. கிளையா என்பது கிரேக்கத்திற் பசை. நரம்புகளைப் பசைபோல் ஒட்டி நிற்கும் துணையணுக்களுக்கு அப்பெயரை வழங்கியவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜெர்மானிய அறிஞராகிய வீர்ஷோ என்பார். அவ்வணுக்களின் இனத்தில் எழுங் கட்டியே கிளையோமா.

முதலாவது பாகுபாடு இடத்தைப் பற்றியது. இதனை விளக்க மேனாட்டு நிகழ்ச்சி ஒன்றனைக் குறித்தல் பொருந்தும். பின்னாளிற் சந்திரனில் முதன்முதற் கால்வைத்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங்குக்குக் காரன் என்னும் பெண்மகவு இருந்தது. 1961-ஆம் ஆண்டின் கோடையில், இரண்டே அகவையினளாகிய அக்குழந்தை நடக்கையில் இடறி வீழத் தொடங்கினாள், கண்கள் மாறுகண்ணாயின, பேச்சுக் குழறிற்று. பான்ஸில் எழுந்த கிளையோமா என வைத்தியர் கூறினர். எக்ஸ்ரே கதிர்களைச் செலுத்தினர்; குழந்தை சிறிது தேறி மீண்டும் நடந்தாள்; சில திங்களில் நோய் திரும்பிற்று; கோபால்டுக் கதிர்களையும் செலுத்திப் பார்த்தனர். 1962 ஜனவரி 28-ஆம் நாள் அவள் இறந்தாள். அவள் நோய்க்கு இட்ட பெயரை உற்றுநோக்குக: இடத்தின் பெயரும் இனத்தின் பொதுப்பெயருமே அதிலுள்ளன. அக்காலத்தில் இதற்குமேல் அறிதற்கு வழியில்லை. மண்டையோட்டினுள் இருப்பதைக் காட்டும் படங்கள் அந்நாளில் தோன்றவில்லை. மூளையறைகளுட் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, நிழல் இடம்பெயர்ந்திருத்தல் கண்டு, இங்கே ஏதோ பருத்துள்ளது என ஊகித்தனர்.

கிளையோமாக்களை உயிரணுவின் தோற்றத்தால் வகுக்கும் முறை அந்நாளில் இல்லாமல் இல்லை. அமெரிக்க அறிஞராகிய பெய்லியும் குஷிங்கும் 1926-ஆம் ஆண்டிலேயே நுண்ணோக்கியின் துணைகொண்டு அதனை வகுத்து, எவ்வகைக் கட்டியுடையார் எத்துணைக்காலம் வாழ்வர் என்பதனையும் இயைத்துக் காட்டினர். ஆயினும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பதற்குக் கட்டியில் ஒரு துணுக்கேனும் வேண்டுமன்றோ? மூளைத்தண்டைத் தொடுவதற்கு எவருந் துணிந்திலர். ஆகவே அந்நல்ல பாகுபாடு இவ்விடத்திற்குப் பெரும்பாலும் பயன்படாதே போயிற்று. பாஸ்டன் நகரத்துக் குழந்தை நரம்பறுவை வல்லுநராகிய மேட்சன் 1969-இல் வெளியிட்ட தம் நூலில், மூளைத்தண்டுக் கிளையோமா நுண்ணோக்கியில் எவ்வாறு தோன்றினும் அதனைக் கொடியதென்றே கொள்ளல் வேண்டும், அதன் இடமே அதனை அறுத்தற்கு அரியதாக்குகின்றது, என்னும் கருத்தினை எழுதினர். அக்குழந்தையின் தந்தை சந்திரனில் இறங்கியதும் அதே ஆண்டில் என்பது எம்மைச் சிறிது நேரம் எழுதாமல் நிறுத்திற்று. இரண்டரை இலட்சம் மைலுக்கு அப்பால் உள்ள நிலத்தை மனிதன் தொட்டான். பிடரிக்கு நான்கு விரற்கிடை உள்ளே இருப்பதைத் தொட முடியாதென எழுதினான்.

இடத்தால் மட்டும் பெயரிட்டதன் பிழை யாது எனின், ஒரே இடத்திற் பிறப்பன யாவும் ஒரே குணத்தன என்று கொண்டதே. ஒரே தெருவிற் குடியிருப்போர் யாவரும் ஒரே குலத்தினர் என்பது போன்றது அது. 1971-இல் ஹவுன்ஸ்பீல்டு கண்ட சி. டி. படமும், அதற்குப் பின்னர் 1980-க்கு மேற்பட்ட ஆண்டுகளிற் பரவிய காந்தப் படமும் அப்பிழையை வெளிப்படுத்தின. படங்களிற் பார்த்தபொழுது, மூளைத்தண்டுக் கட்டிகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. சில பான்ஸ் முழுவதும் எல்லையின்றிப் பரவிக் கிடந்தன. சில பட்டாணிபோல் உருண்டு ஒரு மூலையில் இருந்தன. சில முதுகுப்புறமாகப் புடைத்து நான்காம் மூளையறையினுள் நீட்டி நின்றன. டொராண்டோ நகரத்து ஹாப்மன் என்பாரும் அவர்தம் துணைவரும், இவ்வாறு புறம் நீண்ட கட்டியுடைய குழந்தைகள் அறுவையின்பின் நெடுங்காலம் வாழ்ந்திருத்தலை 1980-இல் எடுத்துக்காட்டினர்.

நியூயார்க் நகரத்து எப்ஸ்டீன் என்பார் இன்னும் ஒருபடி சென்றனர். அவரும் மக்ளியரி என்பாரும் 1986-இல் மூளைத்தண்டுக் கட்டிகளைப் பரவியன, ஓரிடத்து நிற்பன, கழுத்துத்தண்டும் முகுளமும் சேருமிடத்தன என மூன்றாக வகுத்தனர். இவற்றுட் பரவியனவற்றை அறுத்தலாற் பயனில்லை. ஏனையவற்றை அறுக்கலாம், என்பது அவர் கண்ட முடிபு. மூளைத்தண்டு தீண்டத்தகாத இடம் என்னும் எண்ணம் இதனால் தகர்ந்தது.

வடிவத்தைக் கண்டு குணத்தைக் கூறுதல் யாங்ஙனம் இயலும் என்னும் ஐயம் படிப்போர்க்கு எழலாம், எமக்கும் எழுந்தது. இதற்கு எப்ஸ்டீன் தரும் விடையே இப்பொருளில் எம் உள்ளத்தைப் பெரிதுங் கவர்ந்தது. மூளைத்தண்டினுள் நரம்பிழைகள் சில நெடுக்காகவும் சில குறுக்காகவும் கட்டுக்கட்டாய் ஓடுகின்றன. கொடுமையில்லாத கட்டி மெல்ல வளர்வது; அதற்கு இவ்விழைகளை ஊடுருவிச் செல்லும் ஆற்றல் இல்லை. ஆதலால் இழைகள் தடுக்குமிடத்தில் நின்று, இடங்கிடைத்த பக்கமாகத் திரும்புகின்றது. கழுத்துத்தண்டின் உச்சியிற் பிறந்த கட்டி மேல்நோக்கி வளர்ந்து முகுளத்தை அடையுங்கால், அங்கே வலமிருந்து இடமும் இடமிருந்து வலமும் மாறிச் செல்லும் நரம்பிழைகள் ஓர் அணைபோற் குறுக்கே நிற்கின்றன. கட்டி அவ்வணையைக் கடவாது, பின்புறமாக வளைந்து, நான்காம் மூளையறையின் கீழ்வாயிற் புடைக்கின்றது. படத்திற் காணும் அப்புடைப்பே, உள்ளே கட்டி அடங்கி நடந்துகொண்டது என்பதற்குச் சாட்சி. கொடிய கட்டிக்கோ அணையுமில்லை, கரையுமில்லை. வாய்க்கால் நீர் வரப்பின்வழிச் செல்லும். ஏரி உடைந்த வெள்ளம் வரப்பும் வயலும் ஒன்றாக்கிச் செல்லும். ஊரிலிருந்து பார்ப்போன் நீரைச் சுவைத்துப் பாராமலே இது வாய்க்கால், இது வெள்ளம் என்பான் அல்லனோ? அதுபோலவே படம் பார்ப்போனும் கூறினன்.

இவ்வழியே பார்க்கோவிச் முதலியோர் 1990-ஐ ஒட்டிக் காந்தப் படத்தையே அடிப்படையாக்கி, கட்டி பிறந்த பகுதி, பரவிய அளவு, வளர்ந்த திசை, புறம் நீண்டதா, குருதி கசிந்ததா, மூளையறைகளில் நீர் தேங்கியதா எனப் பல குறிகளாற் பாகுபாடு செய்தனர். பிரெஞ்சு நாட்டு ஷூ என்பார் 2000-ஐ ஒட்டி வகுத்த நான்கு வகைகளே பின்னர்ப் பெரிதும் வழங்கின. முதல்வகை, பரவியது. இரண்டாவது, உள்ளே ஓரிடத்து நிற்பது. மூன்றாவது, புறம் நீண்டது. நான்காவது, கழுத்துத்தண்டும் முகுளமும் கூடுமிடத்தது. குழந்தைகட்கு வரும் மூளைத்தண்டுக் கிளையோமாக்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய எண்பது முதல்வகையாகிய பரவும் பான்ஸ் கட்டிகளே. ஐந்து முதற் பத்து அகவைக்குள் அவை மிகுதியாகக் காணப்படும். நோய்க்குறிகள் சில கிழமைகளில் அல்லது சில திங்களில் விரைந்து முதிரும்: ஒரு கண் வெளிப்புறம் திரும்பாது, வாய் ஒருபுறம் கோணும், நடை தள்ளாடும், கைகால் வலுவிழக்கும். படத்தில் பான்ஸின் குறுக்குப் பரப்பிற் பாதிக்குமேல் கட்டி பற்றியிருக்கும். முன்னே ஓடும் பெருநாடியைச் சூழ்ந்து தழுவியிருக்கும். ஆறு கிழமைகள் கதிர்களைச் செலுத்துவர். மொத்த அளவு 54 கிரே. சில திங்கள் நோய் தணியும். பிள்ளை மீண்டும் ஓடியாடும், பெற்றோர் நம்புவர். நோயறிந்த நாளிலிருந்து ஓராண்டினுட் பாதிக்குமேற்பட்டோர் இறந்துபடுவர். இரண்டாண்டு வாழ்வோர் நூற்றுக்கு ஏறக்குறையப் பதின்மர்.

நடுமூளையின் பின்தட்டில் எழும் சிறு கட்டியின் செய்தியோ முற்றிலும் வேறு. அது பல்லாண்டு வளராமலே கிடக்கும். அதனருகே செல்லும் குறுகிய நீர்வழியை அடைத்தலால் மூளையறைகளில் நீர் தேங்குதலே அதனால் வருந் தீங்கு. அந்நீர்க்கு வேறுவழி திறந்துவிட்டு, கட்டியைத் தொடாமல் ஆண்டுதோறும் படமெடுத்துப் பார்த்துவருவர். இரண்டு கட்டிகளுக்கும் இடையே தொலைவு இரு விரற்கிடைக்கு மேலில்லை. 1969-இன் பாகுபாட்டின்படி இவ்விரண்டும் ஒன்றே!

வடிவப் பாகுபாடு பலரைக் காத்தது. ஆயினும் அதன் வெற்றியே ஒரு தடையுமாயிற்று. பரவும் பான்ஸ் கட்டியைப் படமே ஐயமின்றிக் காட்டுமாயின், ஊசி செலுத்தித் துணுக்கெடுத்தல் எதற்கு? அமெரிக்கக் குழந்தைப் புற்றுநோய்க் குழுவினர் சார்பில் 1993-இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, இவ்வகைக் கட்டிகளைத் துணிதற்கு இனிக் காந்தப் படமே போதும், துணுக்குச் சோதனை வேண்டா, எனக் கூறிற்று. காரணம் நேரியதே: சோதனையின் முடிவு யாதாயினும் சிகிச்சை மாறப்போவதில்லை, மாறாத சிகிச்சைக்காகக் குழந்தையை ஊறுபடுத்தல் அறமன்று. யாம் அவரைக் குறைகூறுகின்றோமல்லேம். ஆனால் அதன் விளைவாக, ஒரு கொடிய நோயின் உடற்பொருள் ஆராய்ச்சியாளர் கைக்கு எட்டாமற் போயிற்று. கட்டி எதனால் ஆயதென்றே அறியாமல், வேறிடத்துக் கட்டிகட்கு ஏற்பட்ட மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தனர். வாழ்நாள் நீளவில்லை.

இவ்விடத்தில் நம் நாட்டுச் செய்தி ஒன்று குறிக்கற்பாலது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி 1949-இல் தொடங்கிய நரம்பறுவைத் துறையே இந்தியாவில் இத்துறைக்கு முதலாவது. அங்கே பணிபுரிந்த இராஜசேகரும் மாத்யூ சாண்டியும், தலையிற் சட்டமொன்றைப் பொருத்திச் சி. டி. படத்தின் அளவைக்கொண்டு மெல்லிய ஊசியை மூளைத்தண்டினுட் செலுத்தும் முறையை 71 நோயாளரிடத்துக் கையாண்டு, அதன் நன்மை தீமைகளை 1995-இல் வெளியிட்டனர். மேனாட்டார் ஊசி வேண்டா என்ற இரண்டாம் ஆண்டிலேயே இவர் ஊசியின் பயனை எழுதினர். மூளைத்தண்டில் நிழல் கண்ட இடமெல்லாம் கிளையோமாவே எனக் கொள்ளுதல் இந்நாட்டிற் பொருந்தாது. காசநோய்க் கட்டியும் அங்கே வரும். அவர் சோதித்தாருட் சிலர்க்கு இருந்தது கிளையோமா அன்று, மருந்தால் தீரத்தக்க வேறு நோயே. படத்தை மட்டும் நம்பியிருப்பின் அவர்கள் தீராத நோயினர் பட்டியலிற் சேர்ந்திருப்பர். மிஷன் மருத்துவமனை ஒன்றிலிருந்து இவ்வெச்சரிக்கை எழுந்தது என்பதை அறிந்தபொழுது எமக்கு உண்டாய மகிழ்ச்சியை மறைக்கவேண்டுவதில்லை.

பின்னர்ப் பாரிஸ் நகரத்து வைத்தியர்கள், பான்ஸில் பரவிய கட்டியுடைய 24 குழந்தைகளிடத்து இவ்வாறு ஊசியால் துணுக்கெடுத்ததனை 2007-இல் வெளியிட்டனர். எக்குழந்தையும் அதனால் இறக்கவில்லை. தடை நீங்கத் தொடங்கிற்று. மற்றொரு வழியும் திறந்தது: மக்களை இழந்த பெற்றோர் பலர், இறந்த குழந்தையின் கட்டியை ஆராய்ச்சிக்கென அளித்தனர். அவர்தம் கொடையின்றேல் இனிக் கூறப்போகும் செய்தி வெளிப்பட்டிராது.

2012-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரிலுள்ள செயின்ட் ஜூட் மருத்துவமனையையும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தையும் சார்ந்த ஆராய்ச்சியாளர் இக்கட்டிகளின் ஜீன்களைப் படித்தனர். பரவும் பான்ஸ் கட்டிகளுள் நூற்றுக்கு 78-இல் ஒரே பிழை கண்டனர். அது யாதெனின், உயிரணுவில் டி. என். ஏ. என்னும் நெடிய இழை, ஹிஸ்டோன் என்னும் புரதக் கண்டுகளிற் சுற்றப்பட்டுள்ளது. அவ்விழையில் எழுத்துக்கள் நான்கே. மூன்றெழுத்துக் கூடி ஒரு சொல். ஒரு சொல்லுக்கு ஓர் அமினோ அமிலம். ஹிஸ்டோன் மூன்று எனப்படும் புரதத்தின் 27-ஆம் இடத்திற்கு உரிய சொல் ஏ-ஏ-ஜி. அதன் பொருள் லைசீன். கட்டியில் நடுவெழுத்து மாறி ஏ-டி-ஜி ஆகின்றது. அதன் பொருள் மெத்தியோனீன். பால் என எழுதுவார் பாழ் என எழுதியது போல, ஓரெழுத்தின் பிழை. அந்த 27-ஆம் இடத்து லைசீனில் ஒருவகை முத்திரை இடப்பட்டாற்றான், வளர்ச்சிக் காலம் கடந்தபின் வேண்டாத ஜீன்கள் மூடப்படும். பிழைபட்ட ஹிஸ்டோன், முத்திரையிடும் நொதியையே செயலறச் செய்கின்றது. ஹிஸ்டோனுக்குரிய ஜீன்கள் பல இருக்க, அவற்றுள் ஒன்றில் ஓரெழுத்துப் பிழைத்தலால் உயிரணு முழுவதிலும் முத்திரைகள் அழிகின்றன. மூடியிருக்கவேண்டியன திறந்தே கிடக்கின்றன. குழந்தையின் மூளை வளரும் பருவத்தில் இந்நோய் ஏன் வருகின்றதென்னும் வினாவிற்கு இதுவே ஓரளவு விடையாகின்றது.

பிறிதொன்று. 2014-இல் இக்கட்டிகளுட் சிலவற்றில் வேறொரு ஜீனிலும் பிழை இருத்தல் காணப்பட்டது. அதே ஜீனிற் பிறவியிலேயே பிழையுடையார்க்குத் தசைகள் படிப்படியாக எலும்பாக மாறும் அரிய நோய் வருதல் முன்னரே அறியப்பட்டிருந்தது. ஒரே பிழை ஒருவனைக் கற்சிலையாக்குகின்றது. மற்றொரு குழந்தையின் பான்ஸிற் கட்டியை வளர்க்கின்றது.

எழுத்துப்பிழை வெளிப்பட்டதும் பழைய பெயர்கள் நிலைகுலைந்தன. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட பாகுபாட்டில் புதியதோர் இனம் சேர்க்கப்பட்டது: ஹிஸ்டோன் மூன்றின் 27-ஆம் இடத்து லைசீன் மெத்தியோனீனாய்த் திரிந்த, நடுக்கோட்டுப் பரவு கிளையோமா. பெயர் நீண்டதே, ஆயினும் முற்றும் காரணப்பெயர். நடுக்கோடு என்பது இடம். பரவு என்பது தொழில். கிளையோமா என்பது இனம். திரிபு என்பது குணம். நன்னூலாரின் ஆறனுள் மூன்று இவ்வொரு பெயரிற் கூடியிருத்தல் காண்க. மூளைத்தண்டு என்னும் சொல் இப்பெயரில் இல்லாமை இன்னும் வியப்பு. பான்ஸில் எழுந்ததும், மூளையின் நடுவிலுள்ள தாலமஸில் எழுந்ததும், முதுகுத்தண்டில் எழுந்ததும், எழுத்துப்பிழை ஒன்றாயின் ஒரே இனமாயின. ஒரே பான்ஸினுள் எழுந்த இரண்டு கட்டிகள் வேறுவேறு இனமுமாயின.

புதுப்பெயரும் குற்றமின்றிப் பிறக்கவில்லை. நூற்குற்றம் பத்தனுள் குன்றக்கூறலும் மிகைபடக்கூறலும் முதற்கண் வருவன. இப்பெயர்க்கு இரண்டும் நேர்ந்தன. பரவாது ஓரிடத்து நிற்கும் சில கட்டிகளிலும் இவ்வெழுத்துப்பிழை இருத்தல் பின்னர்த் தெரிந்தது. அவற்றையும் இப்பெயரால் அழைத்துக் கொடியன என்றல் மிகைபடக்கூறல். ஆகவே பாகுபாட்டை ஆராயும் அறிஞர் குழு ஒன்று 2018-இல், பரவியதாகவும் நடுக்கோட்டிலும் கிளையோமாவாகவும் திரிபுற்றும் இருப்பதற்கே, அதாவது நான்கும் ஒருங்கு கூடியவற்றிற்கே, இப்பெயர் உரியதென வரையறுத்தது. மறுபுறம், எழுத்துப்பிழை இல்லாமலே வேறொரு புரதத்தின் மிகுதியால் அதே முத்திரைகள் அழிந்த கட்டிகளும் இருந்தன. அவற்றை விலக்குதல் குன்றக்கூறல். ஆகவே 2021-ஆம் ஆண்டுப் பதிப்பில், மெத்தியோனீனாய்த் திரிந்த என்பதனை நீக்கி, 27-ஆம் இடம் மாறுபட்ட எனப் பொதுப்பட எழுதி, அதன்கீழ் உட்பிரிவுகள் சிலவற்றை அமைத்தனர். உரையாசிரியர் ஒரு சூத்திரத்தின் சொல்லைப் பிடித்து வாதிடுமாறு போலவே இவரும் வாதிட்டுள்ளனர். வேற்றுமை என்னையெனின், இங்கே சொல் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் எந்தப் பிள்ளைக்கு எந்தச் சிகிச்சை என்பது மாறும்.

இப்பாகுபாடு நுண்ணோக்கிக்கும் ஒரு பாடம் புகட்டிற்று. பெய்லி, குஷிங் காலந்தொட்டு உயிரணுவின் தோற்றமே கொடுமைக்கு அளவுகோலாயிருந்தது. ஆனால் பான்ஸிற் பரவிய கட்டிகளுட் சிலவற்றின் துணுக்கு நுண்ணோக்கியிற் சாதுவாகத் தோன்றும். பழைய முறையில் இரண்டாம் படி என்பர். அக்குழந்தைகளும் ஏனையோர் போலவே விரைந்து இறந்தனர். இப்பொழுது, எழுத்துப்பிழை உண்டெனின், தோற்றம் எவ்வளவு சாதுவாயினும் அது நான்காம் படி, அதாவது மிகக் கொடியது.

சாதுவான கட்டிகளுக்கும் தத்தம் எழுத்து உண்டு. புறம் நீண்டனவும் ஓரிடத்து நிற்பனவும் பெரும்பாலும் மயிரிழைபோல் நீண்ட உயிரணுக்களாலாகிய முதற்படிக் கட்டிகள். முகுளத்தின் அருகே நரம்பணுவும் துணையணுவும் கலந்த கட்டிகளும் வரும். இவற்றுட் பலவற்றிற் பிராப் என்னும் ஜீன் மாறுபட்டிருக்கும். அறுத்தற்கரிய இடத்தில் இருப்பினும், அம்மாறுபாட்டிற்குரிய மருந்தை வாய்வழியே கொடுத்துக் கட்டியைச் சுருக்கலாம். குழந்தைகட்கு அத்தகைய மருந்திணை ஒன்றனை அமெரிக்க மருந்தாணையர் 2023-இல் ஒப்பினர். முதியோர்க்கு மூளைத்தண்டுக் கிளையோமா அரிது. வந்தாலும் பான்ஸிற் பரவியது குழந்தைகட்குப்போல் விரைந்து கொல்வதன்று, பலர் ஆண்டுகள் சில வாழ்வர் எனப் பிரெஞ்சு வைத்தியர் 2001-இல் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டிற்று. இடமும் படமும் ஒன்றாயினும் அகவை வேறாயின் நோயும் வேறு என்பதற்கு இதுவும் கரி.

எழுத்தாற் பெயரிட்டதன் பயன் பரவுங் கட்டிக்கும் எட்டியதா எனின், சிறிது எட்டிற்று. 2025 ஆகஸ்டில் அமெரிக்க மருந்தாணையர், டார்டாவிப்ரோன் என்னும் மருந்தினை, முன்சிகிச்சைக்குப்பின் மீண்டும் வளர்ந்த, மெத்தியோனீன் திரிபுடைய நடுக்கோட்டுப் பரவு கிளையோமாவிற்கு விரைவுமுறையில் ஒப்பினர். இப்பெயரையுடைய நோய்க்கென ஒப்பப்பட்ட முதல் மருந்து இது. ஆதாரமாகக் காட்டப்பட்டவர் 50 பேர். கட்டி சுருங்கியது நூற்றுக்கு 22 பேர்க்கு. ஆயின் அந்த ஐம்பதின்மருள், பான்ஸிற் பரவிய கட்டியுடையார் சேர்க்கப்படவில்லை! பெயரால் அவர்க்கும் மருந்து உரியது. சான்றில் அவர்க்கு இடமில்லை. எழுத்து எல்லாவற்றையும் ஒன்றாக்கிய பின்னரும், பழைய இடம் தன் வேற்றுமையை விட்டபாடில்லை.

இக்காலத்து நோய்க்கூற்று அறிக்கை ஒரே வரியில் முடிவதன்று. முடிந்த பெயர் மேலே, அதன்கீழ் நுண்ணோக்கியிற் கண்டது, அதன்கீழ்க் கொடுமைப்படி, அதன்கீழ் ஜீனிற் கண்டது எனப் படிப்படியாக எழுதுகின்றனர். ஜீனைப் படிக்கும் வசதியில்லாத ஊர்களில் அவ்விறுதி வரியை யாது செய்வது? அதற்கும் உலக சுகாதார நிறுவனம் ஒரு சொல் வைத்துள்ளது: வேறு குறிக்கப்படாதது, சுருக்கமாக என். ஓ. எஸ். வேதத்தில் ஆதாம் எல்லா உயிர்கட்கும் பெயரிட்டான். பெயரிடமாட்டாத இடத்தில் இன்னும் அறிந்திலேம் என எழுதுதற்கென்றே ஒரு பெயர் வைத்தவர் இவரே போலும். சோதனை செய்யவில்லை என்பதே அம்மூன்றெழுத்தின் பொருள். ஜீன் முழுவதையும் படியாமலே, துணுக்கின்மீது சாயம் ஏற்றி அத்திரிபுற்ற புரதத்தையும் அழிந்த முத்திரையையும் நுண்ணோக்கியிலேயே காணும் எளிய முறை இப்பொழுது உளது. அச்சாயம் உள்ள ஆய்வுக்கூடத்தில் மூன்றெழுத்து நீங்கி முழுப்பெயர் எழுதப்படுகின்றது. அஃதில்லாத கூடத்திலிருந்து வரும் அறிக்கையைக் கையிலேந்தி, பெற்றோர் அடுத்த ஊர்க்கு இரயில் ஏறுகின்றனர்.